மூன்றாவது வளைவுக்கு அப்பால்

தொல்லியல் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவளுக்கு வேலையில் ஒரே ஒரு பொய் உண்டு. ஊருக்கு வெளியே ஆதிமனிதர் வாழ்ந்த குகை ஒன்று. அதன் வெளிக்கூடத்தை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும். ஆனால் மூன்றாவது வளைவில், சாய்ந்த பாறைக்கு அடியில் இருக்கும் பொந்தை அவள் வரையவே மாட்டாள். படத்தில் அது வெறும் சுவர். அலுவலகத்தின் விதியே அதுதான். பொந்துக்குள் சுவரெல்லாம் செங்காவிக் கைத்தடங்கள். ஓரத்தில் ஒரு குழந்தையின் உள்ளங்கை. விரல் பட்டாலே உதிர்கிற சாயம். வெளிச்சம் ஆகாதென்று படமெடுப்பதும் கிடையாது.

அவள் தம்பி வீடியோ கேம் கம்பெனியில் இடங்களை வரைகிறவன். போன வருஷம் வேலை ஆட்டம் கண்டபோது, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான்.

"குகை ஒண்ணு கேக்கறாங்கக்கா. எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது."

கூடப் பிறந்தவனாயிற்றே, மனசு கேட்குமா? தன்னிடமிருந்த சாவியால் குகையைத் திறந்து, போனை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டு, பொந்துக்குள் ஒரு தடவை தவழவிட்டாள். பார்த்ததை அப்படியே வரைகிற கண் அவனுக்கு.

"கைத்தடத்த வேற எங்கயாவது வை. பொந்த மட்டும் காட்டிடாதே."

"உன் தலை மேல சத்தியம்க்கா."

கேம் வெளியான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை டிவி முன்னால் உட்காரவைத்தான். பட்டன் அமுக்கத் தெரியாமல், திரையில் அவளுடைய ஆள் பத்து நிமிஷம் சுவரோடு முட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஊரே பார்த்த அதே வெளிக்கூடம். மூன்றாவது வளைவு. சாய்ந்த பாறை. அடியில் பொந்து. உள்ளே குழந்தைக் கைகூட அச்சு அசலாக இருந்தது. தடத்தின் மேல் கை வைத்தால் புதையல் கிடைக்குமாம்.

"காட்ட மாட்டேன்னு சொன்னியேடா."

"அது இல்லாம சப்புன்னு இருந்துச்சுக்கா. கேம்தானே, யாரு நேர்ல போய்த் தேடப்போறாங்க?"

மறுநாளே அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும். தம்பியின் வேலைக்கு வேட்டு வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல!

ஒரு மாதம் கழித்து, காவலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து ஆறேழு பேர் பொந்துக்குள் புகுந்துவிட்டார்கள். கேமில் பழகிய கைகள். ஆளாளுக்குத் தடங்களின் மேல் வைத்து அழுத்தியிருந்தார்கள். குழந்தைக் கை இருந்த இடத்தில் வியர்வைப் பிசுக்குதான் மிச்சம்.

அதிகாரி திட்டவில்லை. கேம் முடிந்ததும் பேர்கள் ஓடுகிற இடத்தைத் தன் போனில் காட்டினார். 'இந்த வழியை எனக்குக் காட்டிய என் அக்காவுக்கு நன்றி.' குகைச் சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். வைத்தாள். பகையாளி செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு நன்றியும் சொல்லியிருக்கிறான் பாவி.

தெருவில் இறங்கியதும் தம்பியே போனில் கூப்பிட்டான்.

"கடைசியில உனக்கு நன்றி போட்டிருந்தேனே, பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"என்ன, அழறியா?"

"அந்தக் குழந்தைக் கைய நல்லா வரைஞ்சிருந்தடா. பத்திரமா வச்சுக்கோ. இனிமே அது உன் கேம்ல மட்டும்தான் இருக்கு."