வழக்கில் கிடந்த தடிகள்

ஸ்வாதி பூச்சி விஞ்ஞானி என்று சொந்த ஊரான வடகரையில் யாராவது சொன்னால் அவளுடைய அம்மாவே சிரித்துவிடுவாள். உண்மையில் அவள் வேலை பூச்சியோடு இல்லை, பூச்சிகளின் கணக்கோடு. எத்தனை பிறக்கும், எவ்வளவு தூரம் பறக்கும், எப்போது பெருகும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓடவிடுவாள். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில், முதலில் டெங்குக் கொசு, பிறகு மக்காச்சோளப் படைப்புழு என்று பத்து வருஷம் இதிலேயே போய்விட்டது. கட்டுரைகள் வந்தன, கருத்தரங்குகளில் கைதட்டினார்கள். ஆனால் அவள் கணக்கை நம்பி இதுவரை யாரும் ஒரு செடியைக்கூட இடம் மாற்றி நட்டதில்லை. அந்தக் குறை அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவையும் கணக்கு காகிதத்தோடு நின்றுபோனால், பெங்களூரில் கூப்பிடுகிற கம்பெனிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

இப்போது கையில் இருப்பது காண்டாமிருக வண்டு. தென்னங்குருத்தைத் துளைத்து மரத்தையே சாகடிக்கிற வண்டு. சொந்த ஊர்த் தோப்புகளையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள். எந்த மரத்தில் எவ்வளவு சேதம் என்று தோப்பு தோப்பாகக் குறித்து, வண்டு எங்கிருந்து கிளம்புகிறது என்று கணக்கைப் பின்னோக்கி ஓட்டினாள். எத்தனை தடவை ஓட்டினாலும் அது ஒரே இடத்தில் வந்து நின்றது. அவளுடைய அப்பா நம்பிராஜனின் தோப்புக்கும் பெரியப்பா குற்றாலீஸ்வரனின் தோப்புக்கும் நடுவே கிடக்கிற வழக்கு நிலம்.

அப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா ராணுவத்தில் இருந்து. எல்லைத் தகராறு என்றால் இரண்டு பேருமே பின்வாங்குகிற ஆட்கள் இல்லை. அந்தத் துண்டு நிலம் யாருக்கு என்று கோர்ட்டில் வழக்கு நடக்கும்போதே, ஒரு சாரல் காலத்துக் காற்றில் அங்கே நின்ற தென்னைகள் விழுந்தன. தீர்ப்பு வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு. தடிகள் விழுந்தபடியே கிடந்து மக்கின. மக்கிய தடிதான் இந்த வண்டு முட்டையிடுகிற பிரசவ அறை.

ஸ்வாதிக்கு இது உடனே உறைக்கவில்லை. விழுந்த மரத்தை எந்தத் தோப்பிலும் சீக்கிரம் அப்புறப்படுத்திவிடுவார்கள் என்றுதான் கணக்கில் எழுதியிருந்தாள். அண்ணன் தம்பி வீம்புக்கு அதில் இடமே வைக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தும் தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். தடியைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், உள்ளே வண்டின் புழு இருந்தால் கணக்கு சரி. ஆனால் புரட்ட இருவரும் சம்மதிக்க வேண்டுமே. அப்பாவிடம் கேட்டாள். வண்டெல்லாம் அண்ணன் தோப்பிலிருந்துதான் வருகிறது, இதற்குக் கணக்கு வேறு போட வேண்டுமா என்று எழுந்து போய்விட்டார்.

அருவியில் தண்ணீர் விழுகிற சீசன் காலத்தில் பெரியப்பா விடிந்ததும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போவார். ஸ்வாதி அங்கேயே போய், அவர் தலை துவட்டி முடிக்கும்வரை காத்திருந்து, செல்போனில் வரைபடத்தை நீட்டினாள். சேதம் அதிகமான இடம் சிவப்பு என்றாள். தம்பி பக்கம் சிவப்பு கூடுதலா என்றுதான் அவர் தேடினார். இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சிவந்திருந்தது.

“உன் கணக்கு என்னமும் சொல்லட்டும்ட்டி. நான் கண்ணால பாக்கணும்,” என்றார்.

பெரியப்பா தடியைப் பார்க்க வருகிறார் என்று ஸ்வாதியே அப்பா காதிலும் போட்டாள். அவர் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். ஆளுக்கொரு பக்கம் காவல் நிற்க, அவள் கடப்பாரையை ஊன்றி முதல் தடியை நெம்பினாள்.

எறும்பு மட்டும்தான் இருந்தது. அப்பா தொண்டையைக் கனைத்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். ஸ்வாதி அடுத்த தடிக்குப் போனாள்.

இரண்டாவது தடி கடப்பாரை பட்டதுமே பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கட்டைவிரல் தடிமனில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், அள்ள அள்ளக் குறையாமல். பெரியப்பா அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி அடுத்த தடியைப் புரட்டினார். அதற்கடுத்ததை அப்பா காலால் தள்ளினார். எல்லாவற்றிலும் புழு. உத்தரவை மீறித் தொட்டது யார் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

“ஏலே நம்பி,” என்றார் பெரியப்பா. வருஷக்கணக்கில் அவர் தம்பியைக் கூப்பிட்டதில்லை. “நம்ம மரத்த நாமளே கொன்னுருக்கோம்லே.”

அப்பா குனிந்து ஒரு புழுவை எடுத்துப் பார்த்தார். “தடிய எடுக்க ரெண்டு பேருக்கும் சம்மதம்னு கோர்ட்ல எழுதிக் குடுப்போம்ணே. கேஸு அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்.”

பெரியப்பா தலையாட்டிவிட்டு ஸ்வாதி பக்கம் திரும்பினார். “இதையெல்லாம் எரிச்சுட்டா மிச்ச மரம் பொழைக்குமாட்டி?”

கட்டுரையாக இருந்தால், வாய்ப்பு உண்டு, மேலும் ஆய்வு தேவை என்று எழுதியிருப்பாள். பத்து வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான்.

“பொழைக்கும் பெரியப்பா. அடுத்த சீசனுக்குள்ள வண்டு வெட்டாத குருத்து வரும்.”

இரண்டு பேரும் அண்ணாந்து மரங்களைப் பார்த்தார்கள். அவள் சொன்னதை நம்பிவிட்டார்கள்.