குளவித் தட்டில் கிடந்தவன்

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் அவளை ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருஷமாகச் செத்த பூச்சிகளுக்கு ஊசி குத்திச் சீட்டு எழுதியவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. கண்ணும் போய்விட்டது, கழுத்தும் போய்விட்டது. ஒரே ஓர் ஆசைதான் மிச்சம்.

அது ஒரு குயில் தேனீ. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதுபோல், இது அடுத்த தேனீயின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். மகரந்தம் சுமக்கும் வேலையே இல்லாததால் உடம்பில் மயிரும் அதிகமில்லை; பார்த்தால் குளவி மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். எட்டுப் பெண் தேனீக்கள் கிடைத்திருந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆறு வருஷம் பார்த்து, முதுகுப் புள்ளி, இறக்கை நரம்பு என்று ஒவ்வொன்றாக அளந்து, இது புது இனம் என்று கட்டுரை எழுதிவிட்டாள். ஆய்விதழும் ஏற்றுக்கொண்டு, அச்சுக்கு அனுப்பக் காத்திருந்தது.

புது இனத்துக்கு அக்காவின் பெயரை வைத்திருந்தாள். அம்மா போன பிறகு பத்தாவதோடு படிப்பை விட்டு, சலவைக்கடையில் இஸ்திரி போட்டு இவளைப் படிக்க வைத்தவள் அக்கா. இப்போது படுத்த படுக்கை. டாக்டர் மாதக்கணக்கில்தான் பேசுகிறார். அக்காவின் வாய் மட்டும் படுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர், வீட்டுக்கு வரும் நர்ஸ், மாடிவீட்டுக்காரி என்று எல்லாரிடமும் தன் பேரில் ஒரு தேனீ வரப்போவதாகத் தமுக்கு அடித்தாயிற்று.

புதன்கிழமை, பொறுப்பை ஒப்படைப்பதற்காகத் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். குளவித் தட்டின் மூலையில் ஓர் ஆண் தேனீ. மயிரில்லாததைப் பார்த்து எந்தப் புண்ணியவானோ குளவி என்று நினைத்து அங்கே குத்திவிட்டுப் போயிருக்கிறான். சீட்டில் எண்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் இனத்தின் பெயர். ஒரே ஓர் ஆணை வைத்து எழுதப்பட்ட இனம் அது; அந்தப் பூச்சியே தொலைந்துபோனதென்று எல்லாரும் கைகழுவியிருந்தார்கள், இவளும்தான். லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். நிறம் வேறு. மற்றபடி நரம்பு, புள்ளி எல்லாம் அச்சு அசல். அவளுடைய எட்டுப் பெண்களுக்கும் இவன்தான் ஜோடி. புது இனமும் இல்லை, ஒன்றும் இல்லை. முதலில் வைத்த பெயர்தான் செல்லும்.

தட்டை மூடிவிட்டால் போதும். இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் திறக்கப் போவதில்லை, அக்காவுக்கோ பத்து மாதமே அதிகம். ஆனால் என்றைக்காவது ஒருவன் திறப்பான். அன்றிலிருந்து அக்காவின் பெயர் பட்டியலில் ஒரு தவறாக மட்டுமே இருக்கும். ஊசியம்மாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஆய்விதழுக்கு நாலு வரி எழுதினாள்: இது புது இனமல்ல, பழைய இனத்தின் பெண், கட்டுரையை நிறுத்திவிடுங்கள். அந்த நாலு வரிக்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா முதலில் கேட்டது இதுதான்:

"எண்பது வருஷமா அவனுக்கு ஒரு பொம்பள இருப்பான்னு யாருக்குமே தோணலையா?"

"தோணலக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. இவள் தண்ணீர் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டாள். மாடிவீட்டுக்காரியிடம் தானே சொல்லிக்கொள்வதாக அக்கா சொன்னாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டாள்.

"வேற ஒண்ணு கிடைக்குமாடி?"

"கிடைக்கும்க்கா. இந்த மழை முடியட்டும், நானே போய்த் தேடுறேன்."

அச்சில் பொய் ஏற்ற மனசு வராதவளுக்கு, அக்காவிடம் பொய் தடுக்காமல் வந்தது. அக்காவும் நம்பிவிட்டவள்போலத் தலையாட்டினாள்.