தம்பி வந்திருக்கிறான்

வள்ளியம்மா உயிரோடு இருந்தவரை வாசு அவளை "அந்தக் கிறுக்கச்சி" என்றுதான் சொல்லுவார். அவள் இறந்து, ஜார்ஜ் டவுனில் அவள் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாகி, பேப்பரில் அரைப் பக்கத்துக்குச் செய்தி வந்த காலையிலிருந்து அவள் "எங்க அக்கா" ஆகிவிட்டாள். செபராங் ஜெயாவில் வாசு வேலை பார்க்கும் அலுவலகத்தில் அந்தப் பேப்பரிலிருந்து யாரும் தப்பவில்லை. லிஃப்டில் உடன் ஏறிய முன்பின் தெரியாத ஒருவர்கூட அதைப் படித்துவிட்டுத்தான் இறங்க முடிந்தது.

அடுத்த ஞாயிறே வாசு தன் சம்பந்தியம்மா ரமணியை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வாசுவின் மகளை ரமணியின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பத்து காவான் என்ற ஊரில் புது வீடு, மகனுக்குத் தொழிற்சாலையில் பெரிய வேலை என்று ரமணி பேசும்போதெல்லாம் பதிலுக்குச் சொல்ல வாசுவிடம் ஒன்றும் இருந்ததில்லை. இப்போது ஒரு அருங்காட்சியகமே இருந்தது.

தீவுக்குப் போகும் கடல் பாலத்தைத் தாண்டும்வரை அவர் வாய் ஓயவில்லை. "அக்காவுக்கு மொத மொத கலர் பென்சில் வாங்கிக் கொடுத்ததே நான்தான், தங்கச்சி. வாரா வாரம் போய்ப் பார்த்துட்டு வருவேன். நான் போகலைன்னா சாப்பிடவே மாட்டாங்க லா."

பின் இருக்கையில் ரமணியின் பக்கத்திலிருந்த வாசுவின் மனைவி லோகேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாத்தனார் வீட்டு வாசலைக்கூட அவள் பார்த்ததில்லை. கல்யாணம் பண்ணாமல் படம் வரைகிறவள் வீட்டில் நமக்கென்ன வேலை என்று வாசு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நடந்தார்கள். வாரா வாரம் வந்தவர் நேராகப் பக்கத்து வீட்டுக் காப்பிக்கடைக்குள் நுழைந்தார். கேக் வைத்த கண்ணாடி அலமாரியைப் பார்த்ததும் வெளியே வந்து, "பெயின்ட் எல்லாம் மாத்திட்டானுங்க, அதான்" என்றார்.

உள்ளே வழிகாட்டியாக இமான் என்ற இளம்பெண் இருந்தாள். பக்கத்துத் தெருக்காரி. கடைசிக் காலத்தில் வள்ளியம்மாவுக்குச் சோறு வாங்கிக்கொண்டு வந்து, கூட உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவள்.

"நான் யாருன்னு இப்பவே சொல்ல வேணாம்," என்று வாசு இருவரிடமும் கிசுகிசுத்தார். "மொதல்ல அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். தப்பா சொன்னா நான் திருத்துறேன்."

மேல்மாடிக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க ஒரே படம். வாசற்படியில், காலணியைக்கூடக் கழற்றாமல், ஒரு தடித்த ஆள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் கையில் அளவு நாடாவோடு உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கீழே 'தம்பி வந்திருக்கிறான்' என்று எழுதியிருந்தது.

"எல்லாரும் இதத்தான் தேடி வராங்க," என்றாள் இமான் உற்சாகமாக. "அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். இந்த வீட்டுக்கு ஒரே ஒரு தடவதான் வந்தாராம், அதுவும் வீட்டு புரோக்கரையும் கையோட கூட்டிக்கிட்டு. பெயின்ட் தின்னர் வாடை தாங்கலன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு வாசல்லயே நின்னு, 'வித்துட்டு எங்கயாவது முதியோர் இல்லத்துல போய் இரு'ன்னாராம். இத சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க அம்மா."

ரமணி படத்தைப் பார்த்தாள். வாசுவைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த ஆளுக்கும் புருவத்துக்கு மேல மச்சம் இருக்கே."

"ஊர்ல எத்தன பேருக்கு மச்சம் இருக்கு, தங்கச்சி!"

"அந்தச் சட்டை தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது," என்றாள் லோகேஸ்வரி.

வாசு மனைவியை முறைத்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

இமான் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அங்கிள், நீங்களா அது!" என்று அவள் போட்ட கூச்சலில் அடுத்த அறையில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். படத்தில் இருப்பவரே வந்திருக்கிறார் என்ற செய்தி தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பரவியது. வாசுவின் முகம் சிவந்தது. படிக்கட்டுப் பக்கம் ஒரு எட்டு வைத்தார். அதற்குள் கைப்பேசிகள் உயர்ந்துவிட்டன. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

வாசு நின்றார். சட்டையை இழுத்துவிட்டு, தொந்தியை உள்ளே இழுத்து, படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கைக்குட்டை இருக்கா, அங்கிள்?" என்றாள் இமான்.

இருந்தது. எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். வந்தவர்கள் கேட்க, இரண்டு பக்கமும் திரும்பிக்கூட நின்றார்.

அந்த ஆரவாரத்திலிருந்து விலகி லோகேஸ்வரி ஒவ்வொரு அறையாக நடந்தாள். பின்னறையில் நாத்தனாரின் கட்டில், ஒற்றைத் தலையணை, ஜன்னலோரம் தூரிகைகள் நிறைந்த மைலோ டின். இமான் தேடிக்கொண்டு வந்தபோது மெதுவாகக் கேட்டாள்: "என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லிருக்காங்களா, பாப்பா?"

இமான் யோசித்தாள். "இல்ல, ஆன்ட்டி."

லோகேஸ்வரி தலையாட்டினாள். பஸ் இருந்தது, ஃபெரி இருந்தது. அவர் வேண்டாம் என்றால் என்ன, வந்திருக்கலாம்.

திரும்பும்போது வண்டியில் ரமணிதான் பேச்சை ஆரம்பித்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்டுக்குத் தாராளமா வாங்க, அண்ணே. ஆனா தனியா வாங்க. பின்னால யாரையும் கூட்டிட்டு வந்துடாதீங்க."

லோகேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல நகைச்சுவை என்று நினைத்து வாசுவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அடுத்த மாதம் அருங்காட்சியகத்தில் அக்காவைப் பற்றிப் பேச இமான் அவரை அழைத்திருந்தாள். உடனே ஒப்புக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே, ஓவியத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் தன் முகப்புப் படமாக வைத்தார். அதில் தெரிந்த புரோக்கரை வெட்டி எடுத்துவிட்டார். கைக்குட்டையைத்தான் எப்படி வெட்டியும் நீக்க முடியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் கேட்டவர்களிடம், "அன்னிக்கு எனக்குச் சளி லா," என்றார். "இருந்தாலும் அக்காவைப் பார்க்காம இருக்க முடியல."