அம்மாவுக்கு வேறு ஸ்டென்ட்

கழக்கூட்டத்துத் தொழிற்கூடத்தில் கிருஷ்ணகுமாருக்கு லேசரோடு வேலை. தலைமுடியைவிட மெல்லிய கதிரால் சின்ன உலோகக் குழாயை வலைபோல் வெட்டுவான். அடைபட்ட இதயக் குழாய்க்குள் வைத்து விரித்தால் இரத்தம் ஓட வழிவிடும் ஸ்டென்ட் அது. பல வருட உழைப்புக்குப் பிறகு, 2003-இல், அதை நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவன் அம்மா சிவகாமியம்மாளுக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் ரேஷ்மி அவனைத் தனியே அழைத்தார்.

"நிங்களோடது வைக்கட்டா, வெளிநாட்டுதா? ரெண்டும் நல்லதுதான், கேட்டோ."

நுண்ணோக்கியில் அவனே பார்த்துத் தேர்ந்து அனுப்பிய ஸ்டென்ட்டுகள். ஒன்றிலும் பிசிறு இல்லை. ஆனாலும் வாய், "வெளிநாட்டுதே வையுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டது.

அம்மா தேறினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து பழகியவள், பெஞ்சில் இருந்த தாசையனோடு பேச உட்கார்ந்தாள். விழிஞ்ஞத்தில் கட்டட வேலை செய்யும் கொத்தனார் அவர். கிருஷ்ணகுமார் செய்த புதிய ஸ்டென்ட்டைத் தனக்கு வைக்கச் சம்மதம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீரும். என் மவன் செய்ததுதான் எனக்க நெஞ்சுக்குள்ள இருக்கு. பாரும், நல்லா நடக்கேன்லா?"

"அப்படியா அம்மா? அப்போ நானும் சரின்னு சொல்லிருதேன்."

மருந்து வாங்கி வந்த கிருஷ்ணகுமார் அப்படியே நின்றுவிட்டான். காது இரண்டும் சுட்டன. பேசாமல் உள்ளே போயிருக்கலாம்.

"அம்மா, உனக்கு வச்சது நான் செஞ்சது இல்ல. வெளிநாட்டுது. நாந்தான் வைக்கச் சொன்னேன்."

அம்மா அவனையே பார்த்தாள். தாசையன்தான் கேட்டார்.

"ஒங்க சாதனத்துல என்ன குறை, சாரே?"

"குறை ஒண்ணும் இல்ல."

"பின்ன அம்மைக்கு ஏன் வைக்கல்ல?"

"பயந்துட்டேன்."

"எனக்க வீட்லயும் எனக்காகப் பயப்பட ஆளு உண்டு, சாரே."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். அம்மாவை எழுப்பிவிடக் கை நீட்டினான். "நானே போய்க்கிடுவேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கிருஷ்ணகுமார் நடந்ததை டாக்டரிடம் சொன்னான். அவர் தாசையனையும் மகள் செல்வமணியையும் உட்காரவைத்து, நல்லதும் கெட்டதும் முதலிலிருந்து விளக்கினார். மறுநாள் தாசையன் சம்மதித்தார். சிகிச்சை முடியும்வரை கிருஷ்ணகுமார் கதவோரம் நின்றான். ஸ்டென்ட் நன்றாக விரிந்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னதும், செல்வமணி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உள்ளதைச் சொன்னதுனாலதான் அப்பாவுக்கு நம்பிக்கை வந்துச்சாம், அண்ணா."

அவன் தலை நிமிரவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போன அன்று, ஆட்டோவில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கொத்தனாருக்குச் சுகமா?"

"சுகமா இருக்காரு அம்மா."

"நல்லா இருக்கட்டு" என்றாள், சாலையைப் பார்த்தபடி. வீடு வரும்வரை அவன் பக்கம் திரும்பவில்லை.