தவசியின் போனில் பூமாரி

தோட்டக்காரி பூமாரி, திராட்சை விற்கும் இணையதளத்தில் தன் நம்பரையும் பாஸ்வேர்டையும் சரியாகத்தான் போட்டாள். திறந்ததோ வியாபாரிகளின் பக்கம். எந்தத் தோட்டத்துக்கு யார் என்ன விலை கேட்டிருக்கிறார்கள் என்று வரிசையாக இருந்தது. அந்தப் போன், வியாபாரி தவசியுடையது. பக்கத்தில் நின்றவருக்கு முகம் சுண்டிப்போனது.

"ஏத்தா, எத்தன நாளா எங்க ரேட்டப் பாத்துக்கிட்டிருக்க?"

கம்பத்துக் கமிஷன் கடைக்கு அந்த இணையதளத்தைச் செய்துகொடுத்தவள் ஜெசி. பூமாரி கூப்பிட்டு, ஜெசி காமயகவுண்டன்பட்டியில் இருந்த அவள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள், வெட்ட வந்த ஆட்களைத் தவசி திரும்ப ஜீப்பில் ஏற்றிவிட்டார். பந்தலில் பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கியது. இன்னும் விட்டால் உதிரும்.

"மாரியாத்தா மேல சத்தியம் ஜெசி, என் நம்பரத்தான் போட்டேன்."

"நம்பரு ஒன்னுது, பக்கம் என்னுதா? நல்லாருக்கே நாயம்!" என்றார் தவசி.

ஜெசி தன் போனை நீட்டினாள். பூமாரி அதே நம்பரைப் போட்டாள். தோட்டக்காரர் பக்கம் சமர்த்தாகத் திறந்தது. தளமே கெட்டுவிட்டதோ என்ற பயம் போய் ஜெசிக்கு ஆவல் வந்துவிட்டது. ஜீப்பின் பானெட்டில் லேப்டாப்பை வைத்து, வந்துபோனவர்களின் பதிவைப் பார்த்தாள். உள்ளே வருகிறவர் வியாபாரியா தோட்டக்காரரா, எந்த வகை என்று பார்த்து, அவரவர் பக்கத்துக்கு அனுப்புவதுதான் நம்பர் போட்டதும் வரும் முதல் பக்கத்தின் வேலை. தவசியின் போனிலிருந்து பூமாரி அந்த முதல் பக்கத்துக்கு வரவேயில்லை. நேரே வியாபாரிகள் பக்கத்துக்குப் போயிருந்தாள்.

"அண்ணே, அக்காவுக்கு முன்னாடி இந்தப் போன்ல யாரு வந்தா?"

"என் போன்ல என்னைய விட்டா யாரு வருவா? வெல படிஞ்சா தோட்டக்காரவுககிட்ட நீட்டுவேன், அவுக நம்பரப் போட்டு சம்மதம் குடுப்பாக. எல்லா யாவாரியும் அப்படித்தான்."

ஜெசி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று நினைத்து, திருப்பிவிடும் இடத்தில் நேற்றுத்தான் 'இது நிரந்தரம்' என்று எழுதியிருந்தாள்.

"சுருளிப்பட்டி பஸ் எங்கன நிக்கும்னு கேக்குறவுககிட்ட, இனி எப்பவும் இங்கனதான்னு சொல்லிட்டா மறுபடி கேப்பாகளா? ஒங்கள அனுப்புன எடத்த ஒங்க போன் ஞாபகம் வச்சுக்கிச்சு. அக்கா வந்தப்ப அது யாரையும் கேக்கல."

"அப்ப என் போனுதான் களவாணியா?"

"போன் மேல தப்பில்லண்ணே. நான் சொன்னத அப்படியே கேட்டுச்சு."

'நிரந்தரம்' என்பதை எடுத்துவிட்டாள். அது போதாது, தவசியின் போன் பழையதை மறந்திருக்காது. இன்னொரு ஓட்டையும் இருந்தது. வியாபாரிகள் பக்கம், வந்தவர் நம்பர் போட்டு உள்ளே நுழைந்தவர்தானா என்று மட்டும் கேட்டது. எந்த வகை என்று கேட்கவில்லை. அதையும் கேட்க வைத்தாள். தோட்டக்காரர் என்றால் முதல் பக்கத்துக்குத் திருப்பக் கூடாது, போன் மறுபடி இங்கேயேதான் கொண்டுவந்து விடும். நேரே தோட்டக்காரர் பக்கத்துக்கே அனுப்பினாள்.

"இப்பப் போடுக்கா."

தவசி போனை நீட்டினார். பூமாரி முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு நம்பரைப் போட்டாள். அவள் தோட்டத்தின் பெயரும் தவசி பேசிய விலையும் வந்தன, கீழே சம்மதம் கேட்கும் ஒரு பச்சைப் பொத்தான். வேறு யாருடைய விலையும் இல்லை.

அவள் உடனே அதைத் தொடவில்லை. தவசியையே பார்த்தபடி நின்றாள். அவர் ஜீப் பக்கம் திரும்பிக் கையசைத்தார். ஆட்கள் கத்தரிக்கோல்களோடு இறங்கினார்கள்.