பொம்மை கிடைத்தவள் வீட்டு விருந்து

அமெரிக்காவில் யாக்கிமா ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் வாசிப்பு வட்டத்தில் சித்லாலிக்கு எரிச்சல் மூட்டியவை அங்கே படித்த கதைகள்தான். எல்லாம் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளின் கதைகள். எதைத் திறந்தாலும் வீடு கொள்ளாத கூட்டம். அடுப்படியில் அத்தைகளின் சண்டை, கூடத்தில் மாமாக்களின் ஆட்டம். எழுதுகிறவர்களுக்கு என்ன, எழுதிவிட்டுப் போகிறார்கள். அவள் அம்மா இன்னும் மெக்சிகோவின் மிச்சோவாகானில் விசாவுக்காகக் காத்திருக்கிறாள். அப்பா ஆப்பிள் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர்கள் வீட்டுப் படியை யாரும் மிதித்ததில்லை.

ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நூலகர் லொசானோ மிஸ் பெரிய வளைய ரொட்டி வாங்கி வந்தார். உள்ளே ஒளித்திருக்கும் குழந்தை இயேசு பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர்கள் பிப்ரவரியில் மெழுகுதிரித் திருநாளன்று எல்லோருக்கும் தங்கள் வீட்டில் தமாலே என்னும் சோளக் கொழுக்கட்டை அவித்துப் போட வேண்டும். அந்த வேலைக்குப் பயந்தே பொம்மையை மறைப்பவர்கள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து தன் துண்டை மென்றுகொண்டிருந்த மரிக்ரூஸ் திருட்டு முழி முழித்தாள். காகிதத்தில் எதையோ துப்பி, மெல்ல மேசைக்கடியில் நழுவவிட்டாள்.

சித்லாலி குனிந்து எடுத்தாள். “மிஸ், எனக்குத்தான் வந்திருக்கு!”

“மாட்டுனியா? எனக்கு மூணு எடுத்து வை!” என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். இத்தனை பேரும் நம் வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மெழுகுதிரித் திருநாளுக்கு அப்பா விடுப்பு போட்டார், நாற்காலிகள் இரவல் வாங்கினார். போனில் அம்மா சொல்லச் சொல்ல, பன்றி இறைச்சியை மிளகாய்ச் சாந்தில் புரட்டி, சோள மாவில் பொதிந்து, சோள மடலில் சுற்றி இருவரும் அவித்தார்கள்.

எல்லோரும் வந்தார்கள். ஆனால் வாசலோடு சரி.

“அம்மா வண்டியிலயே இருக்காங்க, பொட்டலமா குடுத்துடேன்.”

“எனக்கு மேட்ச் இருக்குடி, வரேன்.”

கடைசியாக வந்த மரிக்ரூஸ் குரலைத் தாழ்த்தினாள். “ஆமா, நான் போட்டத நீ ஏன்டி எடுத்த?”

“சும்மாதான்.”

“சரியான லூசு நீ.” சிரித்தபடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

கதவைச் சாத்தும்போது போன் அடித்தது.

“எல்லாரும் வந்தாங்களா, கண்ணு?” என்றாள் அம்மா.

“வந்தாங்கம்மா. ஒருத்தர் பாக்கியில்ல.”

“பின்ன ஏன் சத்தமே காணோம்?”

சித்லாலி போனை அப்பா பக்கம் நீட்டினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்தார். கரண்டியால் தட்டுகளைக் கலகலவென்று தட்டினார். “இன்னொன்னு வச்சுக்குங்க, நம்ம வீட்டுல என்ன கூச்சம்!” என்று யாருமில்லாத கூடத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

மறுமுனையில் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

“அம்மா, கொஞ்ச நேரம் பேசும்மா,” என்றாள் சித்லாலி.

“அட போடி, வந்தவங்கள விட்டுட்டு என்கிட்ட என்ன பேச்சு? போய் அவங்களக் கவனி,” என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.