எல்கடுவ வகுப்பின் ராஜு அண்ணன்

ரிவர்ஸ்டன் பாதையில் மரம் விழுந்து கிடப்பதாக ரத்தோட்டையில் வேனை மறித்துச் சொன்னார்கள். டிலானிக்கு முகம் வாடிவிட்டது. வளர்ந்தோர் எழுத்தறிவு வகுப்புகளுக்கு நிதி தரும் அமைப்பின் பொறுப்பாளர் அவள். கொழும்பிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்திருந்தாள்.

“இன்றைக்கு வேறு எங்கேயும் வகுப்பு இல்லையா?” என்று சிங்களத்தில் கேட்டாள்.

“எல்கடுவையில் இருக்கிறது,” என்றாள் நிரஞ்சனி. சொல்லும்போதே அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அங்கே ஓர் ஆண் படிக்கிறார். ஆண்கள் நம் வகுப்புக்கு வருவதே அபூர்வம். அந்த ஆசிரியை வாராவாரம் அவரைப் பற்றித்தான் பேசுவாள். கட்டாயம் நீங்கள் அவரைப் பார்க்க வேண்டும்.”

வேன் திரும்பியது.

நிரஞ்சனி மாத்தளை நகரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் திட்ட இணைப்பாளர். தட்டெழுத்துக்காரியாகச் சேர்ந்தவள் படிப்படியாக மேலே வந்து, இப்போது மாவட்டம் முழுக்க நடக்கும் வளர்ந்தோர் வகுப்புகளைத் தன் பொறுப்பில் வைத்திருந்தாள். புதிய ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள்தான். “வாசிக்கத் தெரியாதவங்க அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க,” என்று தொடங்குவாள். “கண்ணாடியை மறந்துட்டேன்னு சொல்லுவாங்க. கையெல்லாம் அழுக்கு, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கன்னு சிரிச்சுக்கிட்டு நீட்டுவாங்க. அந்தச் சிரிப்பை நல்லாப் பாருங்க.”

தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில்தான் சனிக்கிழமைப் பின்னேரங்களில் எல்கடுவ வகுப்பு நடந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயன்களுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திவிட்டு இருவரும் ஏறி வந்தார்கள். வாசலில் நின்று நிரஞ்சனி செருப்பைக் கழற்றினாள். உள்ளே ஓர் ஆண் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான்.

“ம… ழை… பெய்… பெய்த… பெய்தது.”

அவள் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். காலையில் “தேத்தண்ணி போட்டாச்சா?” என்று கேட்ட குரல். இங்கே கூரை வேலைக்கு வந்திருப்பார், ஆசிரியைக்குக் கேலியாக ஏதோ வாசித்துக் காட்டுகிறார் என்று மனம் அவசர அவசரமாக ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்தது. அதையே பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

குழந்தைகள் உட்காரும் குட்டை வாங்கில், முழங்கால்கள் நெஞ்சில் முட்ட, உதயராஜ் உட்கார்ந்திருந்தான். அவளுடைய கணவன். விரல் எழுத்துக்குக் கீழே இருந்தது. நகக்கண்ணில் காய்ந்த சீமெந்து.

“வாங்க மிஸ், வாங்க!” ஆசிரியை சிவரூபினி ஓடி வந்தாள். “நான் சொல்லுவேனே, ராஜு அண்ணன், இவருதான். டவுன்ல மேசன் பாஸ். தொரை பங்களாவில வேலைக்கு வந்தவரு, அப்படியே நம்ம வகுப்புக்கும் வந்துட்டாரு.”

உதயராஜ் நிமிர்ந்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியதை நிரஞ்சனி பார்த்தாள். பெண்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவளும் கைகூப்பினாள்.

டிலானி அவனுக்கு எதிரே போய் இன்னொரு குட்டை வாங்கில் அமர்ந்துகொண்டாள். “ஏன் இந்த வயதில் படிக்க வந்தார் என்று கேளுங்கள்,” என்றாள் நிரஞ்சனியிடம்.

உதயராஜுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நாள் முழுக்கச் சிங்கள மேசன் பாஸ்மாரோடு வேலை செய்பவன். கேள்வி அவனுக்கு நேராகவே புரிந்திருக்கும். ஆனாலும் நிரஞ்சனி தமிழில் கேட்கும்வரை காத்திருந்தான். பிறகு அவள் கண்ணைப் பார்த்துத் தமிழிலேயே பதில் சொன்னான்.

“எனக்குச் சின்ன மக இருக்கா மிஸ். கதைப் புத்தகத்தைக் கொண்டாந்து வாசிக்கச் சொன்னா. படத்தைப் பாத்து நானே ஒரு கதை கட்டிச் சொன்னேன். ‘அதுல அப்படி இல்லையேப்பா’ன்னா. அவளுக்கு இப்பத்தான் எழுத்து பழகுது. அவ முகத்தை என்னால பாக்க முடியல.”

நிரஞ்சனி மொழிபெயர்த்தாள்.

“மனைவி சொல்லிக்கொடுக்கலாமே? அவருக்கும் படிப்பில்லையா?” என்றாள் டிலானி.

“என் சம்சாரம் படிச்சவ. இந்த மாதிரி வகுப்புதான் அவளும் நடத்துறா.” அவன் நிறுத்தினான். “வீட்டுக்கு வந்து அந்த வகுப்புக்கு வாற ஆளுங்களைப் பத்திச் சொல்லுவா. பாவம்பா, பாவம்பான்னு சொல்லுவா. அவ வாயில நானும் அந்தப் பாவமா ஆயிருவேன்னு பயம்.”

நிரஞ்சனி டிலானியின் பக்கம் திரும்பி, “மனைவிக்கு வேலை அதிகமாம், நேரமில்லையாம்,” என்றாள் சிங்களத்தில்.

“மிஸ் ஒண்ணை விட்டுட்டாங்க,” என்றான் உதயராஜ். அவள் விட்டதை அவனே சுத்தமான சிங்களத்தில், ஒரு சொல் குறையாமல், டிலானியிடம் சொன்னான்.

டிலானியின் கண் கலங்கியது. திரும்பும் வழியெல்லாம் அவள் அதையே பேசிக்கொண்டு வந்தாள். “ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியாமல் போகும்?” நிரஞ்சனி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலையும் வளைவுகளும் கடந்து போயின. எதுவும் மனதில் பதியவில்லை. கல்யாண அழைப்பிதழ் வந்தால் “கையில சீமெந்து, நீயே வாசி” என்பான். மகளின் பள்ளிக்கூட அறிக்கை வந்தால் “அம்மாகிட்டக் காட்டு” என்பான். போனில் எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவான். ஒவ்வொன்றும் அவள் பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவை. அவனுடைய அந்தச் சிரிப்பைத்தான் அவள் மிகவும் விரும்பியிருந்தாள்.

உதயராஜ் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணப் பதிவுல கையெழுத்துப் போட்டீங்களே,” என்றாள் நிரஞ்சனி. அந்த ஒரு கேள்விதான் வந்தது.

“அது எழுத்தில்ல. படம். ஒருத்தர் வரைஞ்சு குடுத்தாரு, அப்படியே பழகிட்டேன்.”

“தரகர் எட்டாம் வகுப்புன்னு சொன்னாரு.”

“அவரு சொன்னாரு. நான் சும்மா இருந்துட்டேன்.” அவன் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டான். “அப்பா போனதும் கண்டியில சாப்பாட்டுக் கடையில கொண்டுபோய் விட்டாங்க. அப்ப எனக்குப் பல்லு விழுற வயசு. பள்ளிக்கூடமெல்லாம் அதோட சரி.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!” என்றாள் நிரஞ்சனி. “ஊர் ஊராப் போய் முன்பின் தெரியாதவங்களைத் தேடுறேன். நீங்க இங்கேயே…”

“நீ ஒரு நாளும் கேக்கல.”

“புருஷன்கிட்ட அதை எப்படிக் கேப்பாங்க?”

“தெரியல. நானும் எப்படிச் சொல்லுறதுன்னு தெரியாமத்தான் இருந்தேன்.”

“நான் சொல்லித் தாரேன்,” என்றாள்.

“வேணாம்.” அவன் சட்டென்று சொன்னான். “நீ எனக்கு மிஸ் ஆகிறாத.”

அடுத்த சனிக்கிழமை அவன் வகுப்புக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அதற்கடுத்த சனிக்கிழமை குளித்து, தலைசீவி, சட்டை மாற்றிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தவன் எழும்பவே இல்லை. தான் அங்கே வந்து நிற்பேனோ என்றுதான் அவன் தயங்குகிறான் என்று நிரஞ்சனிக்குப் புரிந்தது.

“நான் இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்,” என்றாள். “அந்த வகுப்பைப் பத்தி ஒண்ணும் கேக்கவும் மாட்டேன்.”

“நெசமாவா?”

“நெசமா. ஆனா ஆபீஸ்ல ஹுசைன் சேர்கிட்டக் காரணம் சொல்லணும்.”

அவன் யோசித்தான். “அவருகிட்ட மட்டும் சொல்லு,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு இறங்கிப் போனான்.

பணிப்பாளர் ஹுசைன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்கடுவையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று அவள் கேட்டதும் அவர் வியந்துபோனார். “உங்கட நல்ல வகுப்பு அதுதானே நிரஞ்சனி? டிலானி மேடமும் புகழ்ந்து எழுதியிருக்காங்க. ஏன்?”

“அங்க என் வீட்டுக்காரர் இருக்காரு சேர்.”

“படிப்பிக்கிறாரா?”

“இல்ல சேர். படிக்கிறாரு.”

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் வந்த அந்தத் திகைப்பை நிரஞ்சனி தலைகுனியாமல் நின்று பார்த்தாள்.

“நம்மட ஆபீஸ் அன்ஸாப்கிட்டக் குடுக்கிறன்,” என்றார் கடைசியில். “அவருக்கு உங்கட மாப்பிள்ளையைத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.”

சொன்ன சொல்லைக் காப்பது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமைகளில் அவன் சில நாள் சந்தோஷமாக வந்தான், சில நாள் எரிச்சலோடு வந்தான். என்ன நடந்ததென்று கேட்க நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வாள்.

ஒரு நாள் அவன் தானாகவே வந்து, பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

“எதுக்குடி ரெண்டு ‘ர’ வச்சிருக்காங்க? ஒண்ணு போதாதா?”

நிரஞ்சனி அடுப்பைத் தணித்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பயிற்சியில் சொல்லும் பதில் ஒன்று அவளிடம் தயாராக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

“எனக்கும் அது சின்னதுல பெரிய தலைவலிதாங்க,” என்றாள்.